முன்பனிக் காலத்தில் நம் ஏரிகள்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் நாடு நம்முடையது. அம்மழை ஓய்ந்ததும் மார்கழி பிறக்கிறது. மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்றும், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். குளிர் மிகுந்த தூர தேசங்களில் பனிக்காலம் என்பது கதவடைத்து வீட்டினுள் முடங்கும் காலம். நம் பக்கத்திலோ அதுவே உழைப்பும் விழாவும் நிறைந்த காலம். கழனியில் சம்பா முற்றுகிறது; மானாவாரி நிலத்தில் மொச்சையும் துவரையும் பூக்கின்றன; தெருவில் கோலம் மலர்கிறது; தறியில் பொங்கல் விற்பனைக்குரிய சேலைகள் இறங்குகின்றன. இவை யாவற்றுக்கும் நடுவில், ஆண்டில் வேறெப்போதும் இல்லாத நிறைவோடு ஊர் ஏரி விளங்குகிறது.

கீழ்பென்னாத்தூர் வட்டாரம் மேற்கே அண்ணாமலைக்கும் கிழக்கே செஞ்சிக் குன்றுகளுக்கும் இடைப்பட்ட நிலம். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இங்கு இல்லை. ஏரியும், ஏரியினால் ஊறும் கிணறுமே இப்பகுதி உழவனுக்குக் கதி. தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள்ளனவெனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுள் எத்தனை முழுக் கொள்ளளவுடன் நிற்கின்றன என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கும். மண் மேடிட்டும், வரத்துக் கால்வாய் அடைபட்டும், சீமைக் கருவேல் மண்டியும், கரையோரம் ஆக்கிரமிக்கப்பட்டும் மெலிந்து போன ஏரிகள் பல.

ஏரியின் உண்மை நிலையை ஊரார் தாமே கண்டறிவதற்கு ஏற்ற காலம் முன்பனிக் காலம். அதற்குப் பெருஞ்செலவோ பெரும்படிப்போ வேண்டியதில்லை. கண்ணும், பொறுமையும், நாலு பேர் சேர்ந்து ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கும் பழக்கமும் போதும். அதனைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீபம் காட்டும் கூட்டுறவு

பனிக்காலத்தின் வருகையைத் திருவண்ணாமலைச் சீமையில் அறிவிப்பது கார்த்திகைத் தீபம். 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் பெரிய கொப்பரையில் ஏற்றப்படும் தீபம் பதினொரு நாள் எரிகிறது. வானம் தெளிந்திருந்தால் நம் வட்டாரத்துக் கழனிகளிலிருந்தும் அவ்வொளியைக் கண்டு கைகூப்பலாம்.

அத்தீபத்தின் பொருளாதாரத்தை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி திரியாக முறுக்கப்படுகிறது. அது தறியிலிருந்து வருவது. ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்க்கப்படுகிறது. அது கறவை மாட்டிலிருந்தும் அதனை மேய்க்கும் குடும்பத்திலிருந்தும் வருவது. தீபத்தை ஏற்றும் உரிமை பெற்றவர்களோ, ஏரி குளங்களில் மீன்பிடித்தலை மரபாகக் கொண்ட பர்வதராஜ குலத்தார். ஆக, நெசவாளன், உழவன், ஏரி மீனவன் ஆகிய மூவரின் கையும் சேர்ந்தால்தான் மலைமேல் விளக்கு எரிகிறது. கூட்டுறவு என்னும் சொல் சட்டமாக நம் நாட்டுக்கு வந்தது 1904ஆம் ஆண்டில். பொருளாக அது அதற்கு வெகு முன்னரே இம்மண்ணில் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஏரியும் அவ்வாறே பலர் கையால் நின்றது. வரத்துக் காலைத் திருத்துதல், கரை உயர்த்துதல், மதகைப் பழுது பார்த்தல் ஆகியவற்றை ஊரார் முறைவைத்துச் செய்தனர். குடிமராமத்து என்பது அதன் பெயர். அவ்வழக்கம் தளர்ந்தபோது 1858ஆம் ஆண்டில் அரசாங்கம் சட்டமியற்றி அதனை நிலைநாட்ட முயன்றது. எனினும் ஏரி சர்க்கார் சொத்து என்ற எண்ணம் வேரூன்ற வேரூன்ற, ஊராரின் கை ஓய்ந்தது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பழம் பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் பெயரை மீட்பது எளிது. ஊராரின் ஈடுபாட்டை மீட்பதே அரிது.

ஏரிக்கு வரும் விருந்தினர்

கார்த்திகை கழிந்து ஏரி நிரம்பியதும் விருந்தினர் வரத் தொடங்குகின்றனர். நாமக்கோழியும் முக்குளிப்பானும் நடு நீரில் மிதக்கும். நத்தைகுத்தி நாரையும் உண்ணிக்கொக்கும் கழனியில் இறங்கும். மடையருகே அசையாது நிற்கும் மடையான். சேற்று விளிம்பில் வாலை ஆட்டியபடி ஓடும் வாலாட்டிக் குருவிகளும், மாலையில் மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலான்களும் வடக்கே வெகு தொலைவிலுள்ள நாடுகளிலிருந்து வருபவை. பங்குனி சித்திரையில் அவை திரும்பிப் போய்விடும்.

பட்டைத்தலை வாத்து என்றொரு பறவை உண்டு. திபெத்திலும் மங்கோலியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து தெற்கே பறந்து, திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் வரை வந்து பனிக்காலத்தைக் கழிக்கிறது. இரவில் வழியறியாது வயல் வரப்பில் தடுமாறும் நாம், வழிகாட்டி எவருமின்றி இமயத்தைத் தாண்டும் இச்சிற்றுயிரை எண்ணி வியக்காதிருத்தல் இயலுமோ? மழைக்குப் பின் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் தட்டான்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அவற்றுள் ஒருவகை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றடைகிறது என்ற ஆய்வுரை 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இவ்வுயிர்களைப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று. அவை ஏரியின் நிலையை நமக்கு எழுதிக் காட்டுகின்றன. நாமக்கோழியும் முக்குளிப்பானும் மூழ்கி இரை தேடுபவை. அவை திரியுமிடத்தில் ஆழம் உண்டு. கொக்கும் நாரையும் நின்று இரை தேடுபவை. அவற்றின் காலளவே அங்கு நீர். ஏரி கோடி போய்ச் சில நாளே ஆகியிருக்க, நட்ட நடுவில் கொக்குகள் வரிசையாக நிற்குமாயின் அதற்குப் பொருள் என்ன? அங்கே வண்டல் மேடிட்டு விட்டது என்பதே. கரையில் நின்று பார்ப்போருக்கு ஏரி கடல்போல் தோன்றும். கொக்கின் கால் உண்மையைச் சொல்லிவிடும். எந்த இடத்தில் மண் எடுக்க வேண்டும் என்பதைக் கோடையில் தூர்வார வருவோருக்குச் சுட்டிக் காட்ட இதனினும் எளிய குறிப்பு இல்லை.

பறவைகள் உழவனுக்குச் செய்யும் வேலையும் கொஞ்சமன்று. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது. கரிச்சான் புழுவையும் தத்துக்கிளியையும் பிடிக்கிறது. கூகை எலியைத் தின்கிறது. வேர்க்கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் கவைக்குச்சி நட்டுப் பறவைக்கு இருக்கை அமைப்பது இன்று வேளாண் துறையினர் கூறும் பயிர்ப் பாதுகாப்பு முறைகளுள் ஒன்று. சூறைக்குருவி எனப்படும் இளஞ்சிவப்பு மைனாக்கள் நடு ஆசியாவிலிருந்து பெருங்கூட்டமாய் வருபவை. சீன நாட்டின் மேற்குப் பகுதியான சிஞ்சியாங்கில் அவை கூடு கட்டுவதற்கென்றே கல்லடுக்கி இடம் அமைத்து, வெட்டுக்கிளியை அவற்றைக் கொண்டே அடக்குகின்றனர்.

எல்லாப் பறவையும் நன்மையே செய்யும் என்று கூறுவது நேர்மையாகாது. அதே சூறைக்குருவி சோளக் கதிரிலும் இறங்கும். மயில் கடலையைக் கிளறும். கிளி கதிரை ஒடிக்கும். நீலத் தாழைக்கோழி நெற்பயிரை மிதித்துச் சாய்க்கும். இவற்றால் நேரும் நஷ்டத்தை உழவன் தனியே சுமக்கிறான். அதனால்தான் குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைக்கும் கொடுமையும் சில இடங்களில் நிகழ்கிறது. அந்நஞ்சு மயிலோடு நிற்பதில்லை. நாயையும் கோழியையும் கொன்று, மழையோடு ஏரியிலும் இறங்குகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. சட்டத்தின் அச்சம் ஒருபுறமிருக்க, இரவுக் காவலையும் ஒலியெழுப்பும் முறையையும் பல கொல்லைக்காரர் சேர்ந்து மேற்கொண்டால் ஒருவருக்கு விழும் சுமை குறையும் என்பதே நடைமுறை உண்மை.

பனியும் பயிரும் தறியும்

தைப் பனி தரையைத் துளைக்கும் என்பர் பெரியோர். பனியின் அளவை அறிவது நெற்பயிருக்கு உயிர்நாடி. இரவில் குளிரும், காலையில் வெகுநேரம் இலைமேல் தங்கும் ஈரமும், நிழல்போல் மூடிய வானமும் சேர்ந்தால் குலைநோய் பரவும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்ட வயலில் அது மேலும் விரைந்து பரவும். ஆதலின் மார்கழியில் காலை 9 மணிக்கும் இலையில் ஈரம் காயாத நாட்களைக் குறித்து வைக்கும் உழவன், நோய் கண்ணில் படுமுன் விழித்துக் கொள்வான். மாமரம் பூக்கும் தையிலும் இதே கவனம் வேண்டும். தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூவைக் கருக்குவது இப்பருவத்தில்தான்.

நெசவாளருக்கும் பனி ஓர் எஜமானனே. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டு நெய்வோரானாலும், சிற்றூர்களில் பருத்தி நெய்வோரானாலும் இதனை அறிவர். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும்போது மூடுபனி இருந்தால் கஞ்சி காயாது. இழையோடு இழை ஒட்டும். வெயில் ஏறக் காத்திருந்தால் அரைநாள் கூலி போகும். ஆனால் அதே ஈரக்காற்று, குழித்தறியில் அமர்ந்து நெய்யும் வேளையில் நன்மை செய்கிறது. இழை முறுக்குக் குன்றாது, அடிக்கடி அறாது ஓடுகிறது. பங்குனிக் காற்றில் அறுந்த இழையை முடிந்து முடிந்து அலுத்தவர்களுக்கு மார்கழித் தறியின் அருமை தெரியும். பாவு ஓட்டுவதற்குக் கூரையிட்ட பொதுக்கூடம் இருக்குமானால், மழையும் பனியும் நெசவாளன் வயிற்றில் அடிக்கா. தனி ஒருவரால் கட்ட இயலாத அத்தகைய கூடத்தைச் சங்கம் கட்டலாம்.

வானத்துக் கடிகாரம்

மழை மேகம் அகன்றபின் வானம் தெளிகிறது. கடிகாரம் வீட்டுக்கு வீடு வராத நாட்களில், ஏரிப் பாசனத்தில் இரவு முறைநீர் பாய்ச்சுவோர் விண்மீனைக் கொண்டே நேரம் அறிந்தனர். மார்கழி நடுவில், கார்த்திகை எனப்படும் ஆறுமீன் கூட்டம் இரவு 9 மணியளவில் உச்சிக்கு வரும். செந்நிறமுடைய திருவாதிரை நள்ளிரவுக்குச் சற்று முன் உச்சியை எட்டும். விடியுமுன் மேற்கே சாயும். ஒவ்வொரு நாளும் ஒரு மீன் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 4 நிமிஷம் முன்னதாக உச்சியை அடைவதால், மாதம் ஒன்றுக்கு 2 மணி நேரம் முந்தும். இக்கணக்கைப் பிழையின்றி அறிந்த நீர்க்கட்டிகள் எழுத்தறியாதவராயினும் வானூல் அறிந்தவரே.

நம் மாவட்டத்தின் வடமேற்கே எழும் ஜவ்வாது மலையின் தெளிந்த வானத்தை நாடித்தான் வேணு பாப்பு என்னும் அறிஞர் காவலூரில் தொலைநோக்கி நிலையத்தை நிறுவினார். 1968ஆம் ஆண்டில் அங்கு 38 சென்டிமீட்டர் கருவியுடன் பணி தொடங்கியது. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாப்பு 1982லேயே மறைந்தமையால், அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மலைமேல் அறிஞர் நோக்கும் அதே மீன்களைத்தான் மடையருகே நம் முன்னோரும் நோக்கினர். கருவி வேறு; காத்திருக்கும் பொறுமை ஒன்றே.

வேடந்தாங்கல் கற்பிக்கும் பாடம்

ஏரியையும் பறவையையும் ஊரார் ஒருங்கே காத்ததற்கு நமக்கு அருகிலேயே உள்ள உதாரணம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டர் பரப்புள்ள ஏரி அது. பறவைகள் பகலில் சுற்றுப்புற வயல்களில் மேய்ந்து, ஏரியிலுள்ள நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலந்து, மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமாகிறது. இதனை அனுபவத்தால் அறிந்த ஊரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டுத் தடையுத்தரவு பெற்றனர். 1858ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் எழுத்து மூலம் உறுதி செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அவ்வேரி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. பறவை மீதுள்ள இரக்கத்தோடு பயிர் மீதுள்ள அக்கறையும் சேர்ந்தே அவ்வூராரைச் செயலில் இறக்கியது. தமக்குப் பயன்தரும் பொதுச் சொத்து எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்ததை ஒருமித்துக் கேட்டனர். கேட்டதை எழுத்தில் பெற்றனர். சிவகங்கைச் சீமையின் வேட்டங்குடிப்பட்டியில், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கும் ஊரார் கட்டுப்பாடும் அத்தகையதே. அரசாங்கக் காவலாளி வந்து செய்விக்கும் காரியமன்று இது.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தினத்தன்று கும்பலாகச் சென்று பறவைகளைச் சுட்டு எண்ணிக் காட்டும் போட்டி ஒன்று இருந்தது. 1900ஆம் ஆண்டில் பிராங்க் சாப்மன் என்பவர், சுடாமல் எண்ணுவோம் என்று 27 பேரைச் சேர்த்துத் தொடங்கினார். இன்றும் அக்கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தொடர்கிறது. நம் தமிழகத்திலும் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஒரே இடத்தில் 15 நிமிஷமாவது நின்று, கண்ட பறவைகளை எண்ணிக் குறிப்பதே அதன் முறை. மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்ட ஏரிக்குப் போகும் இளைஞர் 15 நிமிஷம் கரையில் நிற்பது பெரிய தியாகமாகாது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

நம் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் கொடுக்கவும் நூல் வழங்கவும் மட்டும் ஏற்பட்டவை என்று நினைப்பது குறுகிய நோக்கு. அங்கத்தினரின் தொழிலைத் தாங்கும் பொதுச் சொத்தைக் கண்காணிப்பதும் சங்கத்தின் கடமையே. செலவின்றிச் செய்யக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துரைக்கலாம்.

முதலாவது, ஏரிக்கு ஒரு பனிக்காலப் பதிவேடு. நீளமான ஒரு கணக்கு நோட்டு போதும். மதகுக் கல்லில் நீர் எத்தனையாவது படியில் நிற்கிறது, கோடி போன நாள் எது, மதகு திறந்த நாளும் மூடிய நாளும் எவை, காலை ஈரம் காயாத நாட்கள் எத்தனை, என்னென்ன பறவைகள் ஏரியின் எப்பகுதியில் எத்தனை நின்றன, மா பூத்தது எப்போது, புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் முதலில் தென்பட்டது எந்தக் கழனியில் என்பனவற்றை வாரம் ஒருமுறை எழுதலாம். மூன்றாண்டுப் பதிவு சேர்ந்தால் ஊரின் அனுபவம் கையேடாகிவிடும்.

இரண்டாவது, பார்ப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான், கண் கூசாது. நீரில் இறங்கலாகாது, உரத்துப் பேசலாகாது. பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ண வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணிப் பின் ஒப்பிட்டால் தவறு குறையும். பெயர் தெரியாத பறவையைக் குறிக்க அஞ்ச வேண்டா. அளவு, நிறம், அலகின் வடிவம், செய்யும் தொழில் ஆகியவற்றை எழுதினால் அறிந்தோர் பெயர் சொல்வர். ஊரில் வழங்கும் பெயரையும் கூடவே எழுதுக. அப்பெயர்களும் அழிந்து கொண்டிருக்கும் செல்வமே.

மூன்றாவது, பதிவேட்டைப் பூட்டி வைக்கலாகாது. தைக் கடைசியில் உழவர், நெசவாளர், மீன் குத்தகை எடுத்தோர், ஆடுமாடு மேய்ப்போர் அனைவரையும் அழைத்துப் படித்துக் காட்ட வேண்டும். மீன் பிடிப்பதற்காக ஏரி நீரை அவசரமாக வடிப்பதும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதிருப்பதும், வரத்துக் காலில் குப்பை கொட்டுவதும் ஊர்ச் சண்டையாக முடிவது வழக்கம். தேதியும் அளவும் எழுதப்பட்டிருக்கும்போது சண்டை கணக்காக மாறுகிறது. கணக்கைத் தீர்த்துக் கொள்ளலாம். ஆக்கிரமிப்பு பற்றி முறையிடவும் 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. எழுதிய சான்று கையிலிருந்தால் மனுவுக்கு வலிமை உண்டு.

2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலை நம் மாவட்டம் எளிதில் மறக்காது. பெருமழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. ஒரே நாளில் ஓராண்டு நீர் வந்து போகும் காலமாகி வருகிறது. அவ்வெள்ளத்தைத் தாங்கிப் பிடித்து வைக்க ஏரியில் இடமிருந்தால் அது விளைச்சல்; இடமில்லையேல் அழிவு. எனவே ஏரியில் மேடு எங்கே, பள்ளம் எங்கே, கரை எங்கே நைந்துள்ளது என்பதை அறிவது இன்று உயிர்க்காப்பும் ஆகும்.

மார்கழிக் காலையில் கோலமிடும் பெண்கள், அரிசி மாவில் எறும்புக்கும் அணிலுக்கும் பங்கு வைக்கிறார்கள். பொதுவில் உள்ளதில் சிற்றுயிருக்கும் பங்குண்டு என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். ஏரியும் அத்தகைய பொதுப் பொருளே. அதில் உழவனுக்குப் பங்கு, தறிக்குப் பங்கு, மீனவனுக்குப் பங்கு, இமயம் தாண்டி வரும் பறவைக்கும் ஒரு பங்கு. பங்குதாரர் அனைவரும் கூடிக் கணக்குப் பார்க்கும் சங்கமே செழிக்கும் என்பது நாம் அறிந்த நெறி. வரும் பனிக்காலத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் ஏரிக்கு ஒரு பதிவேடு திறப்பதாகுக.